கன்னியப்பன் பாராட்டு விழாவில் என் முழங்கை

இந்தக் கதையை நான் முதன்முதலாகக் கேட்டது ஸ்ரீராம்புரத்து முடிதிருத்தகம் ஒன்றில், சென்ற மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சொன்னவர் கடைக்காரர் சேகர். சவரக்கத்தி அப்போது என் காதுக்குப் பின்னால் இருந்தது.

"நம்ம கேரம் கன்னியப்பண்ணன் ஃபங்ஷன்ல ஒரு கிழ வாத்தியாரு வந்து என்னா பண்ணிட்டுப் போனான் தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தெரியும். அந்தக் கிழ வாத்தியார் நான்தான்.

கத்தி இருந்த இடத்தை உத்தேசித்து அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "அப்படியா? சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களைத் திரட்டுவது என் தொழில். ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் மற்றவர்களுக்குத் தலைவலி, எனக்குத் தீபாவளி. ஆனால் நானே ஒரு கதைக்குள் போய் விழுந்து, அதைப் பிறர் வாயால் கேட்கும் பாக்கியம் இதுவரை வாய்த்ததில்லை. ஆகவே சேகரின் பாடத்தை அவரிடமே விட்டுவிட்டு, என் பாடத்தை அன்பர்களுக்குத் தருகிறேன். இதை நீங்கள் முழுமையாக நம்ப வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவன் சொல்வதை நான் ஒருபோதும் முழுமையாக நம்பியதில்லை.

வேலை மிக எளியது. ஒரு பக்கம் எழுத வேண்டும். மேடையில் ஏறி வாசிக்க வேண்டும். இறங்கி வீட்டுக்கு வர வேண்டும்.

நவம்பர் பிறந்தால், கன்னட ராஜ்யோத்சவத்தை ஒட்டி, பெங்களூரில் தெருவுக்குத் தெரு மேடை முளைக்கும் என்பது தெரிந்ததே. அந்தத் தெருவில் பேர் வாங்கிய ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சால்வை போர்த்துவார்கள், சந்தன மாலை போடுவார்கள், தலையில் மைசூர் பேட்டா என்னும் சரிகைத் தலைப்பாகையை வைப்பார்கள், மடியில் பழக்கூடையை ஏற்றுவார்கள். கடைசியில் அவருடைய பெருமையை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊர் கேட்க வாசித்துக் கையில் கொடுப்பார்கள். அதற்குக் கன்னடத்தில் பின்னவத்தளெ என்று பெயர். ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களும் அதை அப்படியேதான் சொல்வார்கள்.

அங்கே ஒரு தெருவின் கேரம் கிளப்புக்குச் செயலாளர் முருகேஷ். மல்லேசுவரத்தில் உள்ள என் வீட்டுக்கு ஒரு மாலை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார்.

"சார், நம்ம கன்னியப்பண்ணனுக்கு இந்த வருஷம் சன்மானம் பண்றோம். பின்னவத்தளெ நீங்கதான் எழுதணும். கன்னடத்துல ரெண்டு வரி, தமிழ்ல நாலு வரி. ஸ்வல்ப சின்னதா இருந்தாப் போதும்."

"கன்னியப்பன் என்ன சாதித்தார்?"

முருகேஷ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க! ரெட்டும் ஃபாலோவும் ஒரே அடியில போட்டவரு சார்! அடுகோடி டீமோட ஃபைனல்ல!"

கேரம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையில் சிவப்புக் காய் ஒன்றுதான் உண்டு. அதை ஸ்ட்ரைக்கர் என்னும் அடிகாயால் குழியில் தள்ளினால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காய் ஒன்றையும் தள்ள வேண்டும். அதுதான் ஃபாலோ. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தோல்வி கழுத்தைப் பிடித்த நேரத்தில், கன்னியப்பன் இரண்டையும் ஒரே அடியில் தள்ளிக் கோப்பையை வாங்கினார். அன்று முதல் அவர் கேரம் கன்னியப்பன். பல வருஷங்கள் ஆகியும் அந்த அடியின் சத்தம் ஸ்ரீராம்புரத்தில் இன்னும் அடங்கவில்லை.

இந்த இடத்தில் நான் தலையசைத்து நாலு வரி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எப்படிப் போட்டார்?" என்று கேட்டுவிட்டேன்.

"கரண்டு போயிடுச்சு சார்! கும்மிருட்டு. அம்பயரு 'நிறுத்து'ன்னாரு. அதுக்குள்ள 'டொக்'னு ஒரு சத்தம். கரண்டு வந்து பாத்தா, ரெட்டும் காலி, ஃபாலோவும் காலி!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கன்னியப்பனுக்காக அல்ல. சொல்லும் விதத்துக்காக. இவ்வளவு முழுமையாக உருண்டு திரண்ட ஒரு பாடம் இருந்தால், அதற்கு இணைப்பாடங்கள் இல்லாமல் இருக்காது.

மறுநாளே ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். டீக்கடை வாசலில் இரண்டாம் பாடம் கிடைத்தது. சொன்னவர் பெயின்டர் ஒருவர்.

"கரண்டா? யாரு சொன்னது? கரண்டெல்லாம் போகல சார். அண்ணனுக்கு அன்னிக்கு வலது கை விரல்ல இவ்ளோ பெரிய கட்டு. இடது கையால ஆடுனாரு. இடது கையால சார்!"

நியாயமாக இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தோற்றவர்கள் பக்கத்தைக் கேட்காமல் ஒரு கதையை எழுதுவது எங்கள் துறையில் ஒழுக்கக்கேடு. பேருந்து பிடித்து அடுகோடிக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அங்கே ஒரு லேத் பட்டறையில் பாபு என்பவரைப் பார்த்தேன். அந்த ஃபைனலில் தோற்றவர் அவருடைய அண்ணன், இப்போது இல்லை. கன்னியப்பன் பெயரைச் சொன்னதும் பாபு இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்னா ரெட்டு, என்னா ஃபாலோ? கூடவே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள்ள போச்சு சார்! ஸ்ட்ரைக்கர் விழுந்தா மைனஸு. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். ஆனா அம்பயரு யாரு? கன்னியப்பன் மச்சான்! ஜெயிச்சது எங்கண்ணன் சார். கப்பு மட்டும் அங்க போச்சு."

மூன்றாம் பாடம்! அன்று இரவு மகிழ்ச்சியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாகத்தான் கன்னியப்பனையே போய்ப் பார்த்தேன். மாநகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, சின்னத் தலை, பெரிய விரல்கள். உள்ளே அவர் மனைவி சரோஜா குக்கரோடு ஏதோ தகராறில் இருந்தார்.

"அந்த அடியைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

"அடிச்சேன் சார். விழுந்துச்சு."

"விளக்கு அணைந்ததா?"

"அணைஞ்சிருக்கும்."

"கையில் கட்டு?"

"இருந்திருக்கும் சார். லாரி வேலை, எப்பவும் எங்கயாச்சும் ஒரு கட்டு இருக்கும்."

"ஸ்ட்ரைக்கர் விழுந்ததா?"

கன்னியப்பன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், எனக்கு சால்வை வேணாம், கூடை வேணாம். ஒண்ணே ஒண்ணு. என் சம்சாரத்துக்குக் கேரம்னாலே ஆகாது. 'பலகையில மாவு கொட்டித் தேய்க்கிறதுக்கு ஒரு ஆம்பளையா'ம்பா. அந்தக் கப்புல என்னா வெச்சிருக்கா தெரியுமா? துணி கிளிப்பு! ஃபங்ஷன் அன்னிக்கு முன்வரிசையில வந்து ஒக்கார்றேன்னு சொல்லியிருக்கா. எப்பிடி ஒத்துக்கிட்டான்னே தெரியல. மைக்ல, அவ காதுல விழற மாதிரி, இவனும் ஒரு ஆளுதான்னு ஒரு தடவை சொல்லிருங்க. அவ்ளோதான் சார்."

அவர் விரல்கள் என் கையை விடவில்லை.

"கவலையே வேண்டாம். முழுமையாக எழுதிவிடுகிறேன்" என்றேன்.

மனிதர் நிம்மதியாகச் சிரித்தார். "முழுமையாக" என்ற சொல்லுக்கு என் அகராதியில் என்ன பொருள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று பாடங்களையும் எழுதினேன். சொன்னவர் யார், எந்தத் தெரு, எந்தச் சூழல் என்று அடிக்குறிப்பும் கொடுத்தேன். "இவற்றுள் எதன் பக்கமும் சாராமல், நடுநிலை நின்று தொகுத்தவன்" என்று என் பெயரையும் போட்டேன். சட்டம் போடும் கடைக்காரர் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார்.

"சார், இது பாராட்டா, பத்திரப் பதிவா?"

"பாராட்டுதான்."

"எழுத்தைச் சின்னது பண்ணட்டுமா, கண்ணாடியைப் பெருசு பண்ணட்டுமா?"

எழுத்தைச் சிறிதாக்கினால் அடிக்குறிப்பு தெரியாமல் போகும். கண்ணாடியைப் பெரிதாக்கச் சொன்னேன். விழாவன்று அதை ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை. கடைக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சந்து சந்தாக நடந்து வந்தோம். எதிரே வந்த ஒருவர், "பீரோவா சார்? கண்ணாடி பத்திரம்" என்று சொல்லி வழிவிட்டார்.

மேடையில் எல்லாம் முறைப்படி நடந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி, முதலில் கன்னட வாழ்த்து, பிறகு வரவேற்பு. கன்னியப்பனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சால்வை, மாலை எல்லாம் பொருந்தின. பேட்டா பொருந்தவில்லை. அது பெரிய தலைகளை நினைத்துச் செய்யப்பட்டது. வைத்த மறுகணம் இறங்கி அவர் புருவத்தில் நின்றது. அவர் தூக்கிவிட்டார். மறுபடியும் இறங்கியது.

முன்வரிசையிலிருந்து சரோஜா, "அதைத் தொடாதீங்க! போட்டோ எடுக்கறாங்க" என்றார்.

கன்னியப்பன் தொடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கின் வழியே உலகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வாசிக்க எழுந்தேன். கன்னட வரிகள் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. முதல் பாடத்தை வாசித்தேன்: கும்மிருட்டில் விழுந்த அடி. பலத்த கைதட்டல்! கன்னியப்பன் மூக்கின் வழியே முன்வரிசையைப் பார்த்தார். சரோஜா மடியில் இருந்த கைப்பையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

இரண்டாம் பாடத்தை வாசித்தேன். இடது கை. கைதட்டலோடு முணுமுணுப்பும் எழுந்தது.

"அதெப்படி? கரண்டு போச்சுன்னு இப்பதானே சொன்னாரு?"

"கரண்டு போகலடா, கையிலதான் கட்டு!"

"இருட்டுல கட்டு இருந்தது உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

முருகேஷ் என் காதருகே குனிந்தார். "சார், போதும். நிறுத்திருங்க."

"இன்னும் ஒரு பாடம் இருக்கிறது."

"அதை வீட்டுல போயிப் படிச்சுக்கலாம் சார்!"

பாதியில் விட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். நான் வாசித்தேன். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தது. அம்பயர், மச்சான், மைனஸ் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக, தெளிவாக, மைக்கில் வாசித்தேன்.

எந்தக் கருத்தரங்கிலும் இதற்குக் கைதட்டியிருப்பார்கள்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "கரெக்டு! அப்பிடிப் படி சார்!" பாபு. விழாவுக்கு வாருங்கள் என்று அவரை அழைத்தவனும் நானே. தகவலாளரை அழைப்பது மரபு.

"யாருடா அவன்?"

"அடுகோடிக்காரன்டா!"

"எவன்டா உள்ள விட்டது?"

எல்லா விரல்களும் மேடையை நோக்கி நீண்டன. மேடையில் சுட்டத்தக்கவனாக நான் ஒருவனே நின்றுகொண்டிருந்தேன்.

கன்னியப்பனைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ஒரு தடவை மைக்கில் சொல்லுங்கள் என்றுதான் அந்த மனிதர் கேட்டார். சொல்லிவிட்டேன், அவர் திருடன் என்று. முன்வரிசையில் சரோஜாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பையைத் திறந்தார், மூடினார்.

யாரோ கத்தினார்கள். "இப்பவே அடிச்சுக் காட்டட்டும்! அதே ஷாட்டு! ஒரே அடி! அப்பறம் பேசுங்கடா!"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. எதிரே இருந்த கிளப்பிலிருந்து பலகை வந்தது. பழக்கூடை வைத்திருந்த முக்காலி காலியானது. பவுடர் தூவினார்கள். கன்னியப்பன் "வேணாம் முருகேஷு, கை விட்டுப் போச்சு" என்று சொன்னது எனக்கும் முருகேஷுக்கும் மட்டுமே கேட்டது. முருகேஷுக்கும் வேறு வழியில்லை.

ஃபைனலின் கடைசி நிலையை அப்படியே வைப்பதாக முடிவாயிற்று. கன்னியப்பனுக்கு ஒரு கறுப்பு, எதிராளிக்கு ஒரு வெள்ளை, நடுவில் சிவப்பு. எது எங்கே இருந்தது என்பதில் ஆளுக்கொரு பாடம். நான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

"எதிர்ல யாரு ஒக்கார்றது?" என்றார் முருகேஷ்.

"நம்ம ஆளு ஒருத்தன் ஒக்காரட்டும்."

"எதுக்கு? விட்டுக் கொடுக்கவா?" என்றார் பாபு. "நான் ஒக்கார்றேன்."

"நீ ஒக்காந்தா பலகையையே தூக்கிட்டுப் போயிடுவே!"

"அப்ப ரெண்டு பக்கமும் சேராத ஆளு ஒருத்தன் வேணும்."

கணநேரம் எல்லோரும் யோசித்தார்கள். பிறகு, ஸ்ரீராம்புரமும் அடுகோடியும் அன்றைக்கு முதன்முறையாக ஒத்துப்போயின.

"நானா? எனக்கு ஆடத் தெரியாது!" என்று அலறினேன்.

"பேப்பர்ல நீங்களே போட்டிருக்கீங்களே சார், எந்தப் பக்கமும் சாராம நடுநிலை நின்றுன்னு. இப்ப நடுநிலையா ஒக்காருங்க" என்றார் முருகேஷ். அவர் குரலில் இனிமை சிறிதும் இல்லை.

உட்கார்ந்தேன். சரி, இதிலும் ஒரு நன்மை இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்குக் கேரம் தெரியாது. தோற்பது உறுதி. கன்னியப்பன் முதல் அடியில் இல்லாவிட்டாலும் அடுத்த அடியில், அதற்கடுத்த அடியில், எப்படியும் போட்டுவிடுவார். நான் செய்த பாவத்தை என் திறமையின்மையே துடைத்துவிடும்!

முதல் அடி கன்னியப்பனுடையது. குனிந்தார். பேட்டா மூக்கு வரை இறங்கியது. தூக்கப் போனவர், முன்வரிசையை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார். குத்துமதிப்பாக அடித்தார். சிவப்பு நகர்ந்து ஒரு குழியின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. கறுப்பு அசையவே இல்லை.

"அய்யோ!" என்றது ஸ்ரீராம்புரம்.

என் முறை. கவனமாகத் தோற்க வேண்டும். காய்கள் எதுவும் இல்லாத மூலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கட்டுரையின் முடிவுரையை எழுதும் நிதானத்தோடு விரலை வைத்துத் தட்டினேன்.

ஸ்ட்ரைக்கர் அந்த மூலைக்குத்தான் போனது. அங்கே கட்டையில் மோதியது. திரும்பியது. எதிர்க் கட்டையில் மோதியது. நடுவே தனியாக நின்ற என் வெள்ளைக் காயை ஓரத்தில் உரசியது. வெள்ளை உருண்டு போய் ஒரு குழிக்குள் விழுந்தது. அதோடாவது நின்றிருக்கலாம்! சோம்பலாக நகர்ந்து, குழியின் வாயில் நின்ற சிவப்பை மெதுவாக, மரியாதையாக, உள்ளே தள்ளிவிட்டு, தான் மட்டும் விளிம்பில் ஆடிக்கொண்டு நின்றது.

விழுந்துவிடு, விழுந்துவிடு என்று நான் அதை மனத்துக்குள் மன்றாடினேன். விழுந்தால் மைனஸ். அது விழவில்லை.

ரெட்டும் ஃபாலோவும். ஒரே அடியில்.

ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ ஒரு பெண் "அட கடவுளே" என்றார். பாபு மட்டும் வாயைப் பிளந்து நின்றார். அவர்கூட இதை வேண்டவில்லை.

கன்னியப்பன் எழுந்தார். பேட்டாவை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை என்னிடம் நீட்டினார். "நல்ல அடி சார்" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னை அங்கேயே புதைத்தது. பிறகு முன்வரிசையைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்ட பார்வை அது.

சரோஜாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"ஃபவுலு!"

குரல் மேடைப் படியிலிருந்து வந்தது. கைப்பையை இடுக்கிக்கொண்டு சரோஜா ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா?" என்றார் முருகேஷ்.

"ஃபவுலு! இந்த வாத்தியாரு முழங்கை பலகை மூலையில இருக்கிற அம்புக்கோட்டைத் தாண்டிடுச்சு. அடி செல்லாது. காயை எடுத்து வை!"

"அம்மா, என் முழங்கை..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க சார். டேபிள் மேல எழுதற மாதிரி சாஞ்சு ஒக்காந்தா முழங்கை எங்க போகும்? தாண்டத்தான் செய்யும். படிச்சவரு, கோட்டுக்குள்ள ஒக்காரத் தெரியல."

"அக்கா, உங்களுக்கு எப்பிடி அம்புக்கோடு எல்லாம்?" என்றார் முருகேஷ்.

"கிளப்புக்கு எதிர்ல எங்க அடுப்படி. அடுப்படிக்கு ஒரு சன்னலு. இத்தினி வருஷமா அதுல நான் என்னா பாத்துக்கிட்டிருந்தேன்னு நெனச்சே? ரோட்டுல போற மாட்டையா? ரெட்டு போட்டா ஃபாலோ போடணும். ஸ்ட்ரைக்கர் விழுந்தா மைனஸு. கை கோட்டைத் தாண்டுனா ஃபவுலு. இவரு கட்டைவெரலால அடிக்கிற தம்பு ஷாட்டுல ராஜா. பின்பக்கம் திருப்பி அடிக்கிற பேக் ஷாட்டுல வீக்கு."

"பேக் ஷாட்ல நான் வீக்கா?" என்றார் கன்னியப்பன். அன்று மாலை முழுவதும் அவர் உரத்துப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

"ஆமா. எப்பவுமே. அதைக் கழட்டித் தொலைங்க மொதல்ல." பேட்டாவைத் தன் கையாலேயே எடுத்து முருகேஷிடம் கொடுத்தார். "கண்ணை மறைச்சுக்கிட்டு எவனாச்சும் ஆடுவானா? ஆடச் சொல்றீங்களே, உங்களுக்கு அறிவு வேணாம்? இவரு கையைப் பத்திப் பேசறதுக்கு உங்கள்ல ஒருத்தனுக்கு யோக்கியதை இருக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது, பிறகு கைதட்டியது. இருட்டுப் பாடத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். கன்னியப்பன் சிரிக்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல.

பாபு மேடையோரம் வந்துவிட்டிருந்தார். இப்போது அவர் குரலில் சண்டை இல்லை. "அக்கா, அப்ப அந்த ஃபைனலும் பாத்தீங்களா?"

"பாக்காம?"

"ஸ்ட்ரைக்கர் விழுந்துச்சா, இல்லியா?"

ஸ்ரீராம்புரம் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டது. நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். நேரில் கண்ட சாட்சி! பக்கச் சார்பு உண்டுதான்; ஆயினும் நேரில் கண்ட சாட்சி!

சரோஜா பாபுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு தன் கணவரைப் பார்த்தார்.

"அதை உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? பாத்தியான்னு கேக்க வேண்டியவரு ஒரு நாளாச்சும் கேட்டாரா? கப்பைக் கொண்டாந்து நடுவீட்டுல வெச்சுட்டு, பேசாம சாப்ட்டுட்டுப் படுத்துட்டாரு." சால்வையின் நுனி தரையில் புரண்டதை எடுத்து அவர் தோளில் போட்டார். "வாங்க வீட்டுக்கு. சொல்றேன்."

"நெஜமாப் பாத்தியா?" என்றார் கன்னியப்பன்.

"நடங்க."

நான் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, ஒரே ஒரு கேள்வி! விளக்கு அணைந்ததா என்று மட்டுமாவது..."

"சார், நீங்க மொதல்ல முழங்கையை எங்க வெக்கறதுன்னு கத்துக்குங்க" என்றார் சரோஜா. "அந்தக் கண்ணாடியை இங்கயே வெச்சிருங்க. எங்க வாசல்ல நுழையாது."

இருவரும் இறங்கிப் போனார்கள். பழக்கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். கன்னியப்பன் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். அவர் மனைவி கையை ஆட்டி, பலகையில் காய் வைப்பதுபோல ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் ஆய்வு வாழ்க்கையின் மிகச் சிறந்த தகவலாளர் சந்து திரும்பி மறைந்தார்.

பின்னவத்தளெ இன்று கிளப்பில் இருக்கிறது. காற்றில் பவுடர் பறக்காமல் தடுப்பதற்கு மிகவும் உதவுவதாக முருகேஷ் எழுதியிருந்தார். அதற்குமேல் அவர் என்னோடு பேசுவதில்லை.

இது என் பாடம். பிறர் வேறு முடிவு சொல்கிறார்கள். ஸ்ரீராம்புரத்துப் பாடத்தில் கன்னியப்பன் போகவில்லை. பேட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே அடியில் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்; அப்போது கரண்டும் போயிற்று. அடுகோடிப் பாடத்தில் அவர் மறுபடியும் தவறவிட்டார்; வாத்தியாருக்குப் பேட்டா கட்டினார்கள். சரோஜாவின் தங்கை சந்தாபுராவில் இருக்கிறார். அங்கே வழங்கும் பாடத்தில் ஸ்ட்ரைக்கரை வாங்கி அடித்ததே சரோஜாதான். அதுவும் பேக் ஷாட்டில்.

இத்தனை வேறுபாடுகளுக்கு இடையிலும், என் முழங்கை கோட்டைத் தாண்டியது என்பதில் எல்லாப் பாடங்களும் ஒன்றுபடுகின்றன.

தாண்டவில்லை என்று சொல்வது முழங்கைக்கு உரியவன் ஒருவனே. ஒற்றைச் சான்று என்று அதை ஒதுக்கிவிடுவதுதான் முறை.